மகாலட்சுமிக்குப் புடவை கட்டியது யார்?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூஜை அறையில் கொள்ளுப்பாட்டி காலத்து மகாலட்சுமி படம் இருக்கிறது. தாமரை மேல் நிற்கிறாள், பக்கத்தில் மாலை தூக்கிய யானை. புடவை மட்டும் நிஜத் துணி, நிஜ ஜரிகை. ரவி வர்மாவே வரைந்ததா? விற்றால் லட்சக்கணக்கில் போகுமா?
– ஒரு வாசகி, திருவையாறு

பதில்: கோடிகளில் போவது அவர் கையால் தீட்டிய எண்ணெய்ச்சாயப் படங்கள் அம்மா. நீங்கள் சொல்வது அச்சுப்படம். 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கம் போனது. அது கல்லச்சு: வண்ணத்துக்கு ஒரு கல்லில் படத்தை வரைந்து, ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலும் அழுத்தி எடுப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்து லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள், பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும். அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருந்திருக்கும். பிரேம் போட்டவர் முதலில் வெட்டியதே அதைத்தான். அப்புறம், கடன் ஏறி அச்சகத்தை ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு விற்றுவிட்டார். 1906இல் ரவி வர்மா காலமான பின்னும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. உங்கள் படம் அவர் கண்ணிலேயே படாததாகவும் இருக்கலாம்.

சரி, புடவை? அது அச்சகத்தில் கட்டியதல்ல. வாங்கி வந்த படத்துக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டுவது அந்தக் காலத்து வழக்கம். பலாப்பலகையில் துணி ஒட்டி, தங்க ரேக்கும் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் படத்தைப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. வெறும் தாளில் லட்சுமி நிற்பதை உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு மனசு ஒப்பியிருக்காது என்பது என் ஊகம். நான் என்றால் விற்க மாட்டேன்.

ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் தாளில் ஏறும். சட்டத்துக்குப் பின்னால் இரண்டு தக்கைத் துண்டு வைத்து, சுவரைத் தொடாமல் மாட்டுங்கள். ராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். ஈரத்துணி மட்டும் வேண்டவே வேண்டாம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுச் சரஸ்வதிக்குப் பாட்டி தன் கிழிந்த கூறைப்புடவையின் கரையை வெட்டி ஒட்டியிருந்தாள். ஆயுத பூஜைக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மயிலின் கழுத்து வெளுத்துப் போயிற்று. பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் மத்தியானம் மயிலுக்கு நீலச் சமிக்கி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.