புதிய ராலி2 கார் வாங்கினால் வேகம் கூடுமா?

கேள்வி: ராலி பந்தயத்தில் உச்ச வகைக்கு அடுத்த படியில் ஓடும் ராலி2 கார்கள் எல்லாமே ஒரே விதிமுறையில், ஏறத்தாழ ஒரே விலையில் கட்டப்படுகின்றன. அப்படியும் ஒன்றிரண்டு கார்களே திரும்பத் திரும்ப ஜெயிக்கின்றனவே, ஏன்? புது மாடல் வாங்கினால் வேகம் கூடுமா?

ராலி கார்களை வாங்கி ஓட்டுநர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு சின்ன அணியில் ஆறு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முதல் வருடத்தில் பெரும்பாலும் கூடாது. சில சமயம் குறையவும் செய்யும்.

2014 ஐரோப்பிய ராலித் தொடரைப் பாருங்கள். அதற்கு முந்தைய வருடம்தான் ஃபோர்டு ஃபியஸ்டாவோடு ஆர்5 என்ற புது வகை வந்திருந்தது (இன்று ராலி2 என்று சொல்வது அதைத்தான்). 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், 1,80,000 யூரோ விலை வரம்பு. பழைய எஸ்2000 கார்களின் டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சினைவிட இதன் இழுவிசை நன்றாகவே அதிகம். ஆனாலும் அந்த வருடம் பட்டம் வென்றவர் எஸபெக்கா லாப்பி, ஓட்டியது ஸ்கோடா ஃபாபியா எஸ்2000. பல வருடம் ஓடி, எங்கே உடையும், எந்தப் பாதைக்கு எந்த ஸ்பிரிங் என்றெல்லாம் தெரிந்துபோன கார் அது. புதிய கார்கள் அப்போதுதான் அந்தப் பாடத்தைத் தொடங்கியிருந்தன.

எஞ்சினில்தான் வித்தியாசம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். டர்போவுக்கு முன்னால் 32 மில்லிமீட்டர் வளையம் ஒன்று உண்டு. உள்ளே போகும் காற்று முழுக்க அதன் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் ஒரு துளி காற்றும் கூடுதலாக உள்ளே வராது. அதனால் யார் கட்டினாலும் உச்ச சக்தி 280, 290 குதிரைத்திறனுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஹேர்பின் வளைவிலிருந்து வெளியே வரும்போது, குறைந்த சுழற்சியில் டர்போ எவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொள்கிறது என்பதில்தான் போட்டி. அது முக்கியம்தான். ஆனால் என் அனுபவத்தில் நிமிடங்களைத் தந்ததும் பறித்ததும் டேம்பர்கள், அதாவது சக்கரத்தின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள்.

ஒரு கிராவல் (சரளை மண் பாதை) ராலி நினைவுக்கு வருகிறது. எங்களிடம் அப்போதுதான் வந்திருந்த புதுக் கார். முதல் நாள் காலை மூன்று ஸ்டேஜ் (நேரம் கணக்கிடப்படும் பாதைத் துண்டு) முடித்து வந்த ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அண்ணா, பின்பக்கம் தரையில் நிற்கவே மாட்டேங்குது" என்றார். மேடு பள்ளத்தில் பின்சக்கரங்கள் துள்ளிக்கொண்டே இருந்ததால் அவரால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்க முடியவில்லை. டேம்பரின் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய பின் திரும்ப நீள்வதைத் தடுக்கும் இறுக்கத்தை, இரண்டு கிளிக் தளர்த்தினோம். மதியம் இன்னும் இரண்டு. அப்புறம் ஸ்பிரிங்கை மாற்றினோம். எதிலும் சரியாகவில்லை. எங்கள் கூடாரத்துக்கு எதிரே பழைய ஃபாபியாவோடு நின்ற அணியின் எஞ்சினியரிடம் தடித்த ஃபைல் ஒன்று இருந்தது. அதே ராலிக்கு முந்தைய மூன்று வருடம் போட்ட அமைப்பு, ஸ்டேஜ் வாரியாக, ஈரமென்றால் ஒன்று, காய்ந்திருந்தால் ஒன்று என்று எழுதி வைத்திருந்தார். எங்களிடம் இருந்ததோ தொழிற்சாலை கொடுத்த ஒரே ஒரு தாள், அதுவும் வேறு மாதிரி மண்ணில் சோதித்து எழுதியது. அன்று நாங்கள் தோற்றது அந்த ஃபைலிடம்தான். இன்றுவரை எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

முதல் கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்கோடா போல பல நூறு கார்களை விற்ற நிறுவனத்துக்கு, பல நாடுகளில் வாராவாரம் ஓடும் கார்களிலிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கிறது. எந்த டிரைவ் ஷாஃப்ட் எத்தனை கிலோமீட்டரில் போகிறது, எந்த பிராக்கெட் விரிசல் விடுகிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். 2016 லாப்பி, 2017 பொன்டுஸ் டிடெமண்ட், 2018 யான் கோபெட்ஸ்கி என்று உலக ராலித் தொடரின் இரண்டாம் பிரிவான டபிள்யூ.ஆர்.சி.2 பட்டம் வரிசையாக ஃபாபியாவின் ஆர்5 மாடலுக்கே போனதற்கு நல்ல ஓட்டுநர்களோடு இதுவும் காரணம்.

தெரிந்த குறையையெல்லாம் உடனே திருத்திவிடவும் முடியாது. ஹோமோலோகேஷன் ஆன (பந்தயத்துக்கு அதிகாரப்பூர்வ ஒப்புதல் பெற்ற) காரில் பாகங்களை மாற்ற, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வாய்ப்புகளைத்தான் தருகிறது, ஜோக்கர் என்பார்கள். அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டால், பின்னால் பெரிய குறை தெரிய வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஜோக்கரில் வந்த பாகத்தைத் தொழிற்சாலை அணி தனக்கென்று வைத்துக்கொள்ளவும் முடியாது, காசு கொடுக்கிற எவருக்கும் விற்றாக வேண்டும். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. எங்களைப் போன்ற சின்ன அணிகள் இன்னும் தாக்குப்பிடிப்பதே இதனால்தான்.

வாங்குபவர் தயாரிப்பாளரின் மனதையும் கொஞ்சம் கணிக்க வேண்டியிருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐ ஆர்5 2018இல் களம் இறங்கியது. அடுத்த வருடமே 17 வயது ஆலிவர் சோல்பர்க் அதில் லாட்வியாவின் லியபாயா ராலியை வென்றார். அவ்வளவு நல்ல கார். ஆனால் 2020 கடைசியில் நிறுவனம் மோட்டார் பந்தயப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. கார் அன்றிருந்த நிலையிலேயே நின்றுவிட்டது. மற்றவை வருடா வருடம் முன்னேறும்போது இதை வைத்திருந்தவர்கள் என்ன செய்ய முடியும்?

நான் சொன்னதற்கு எதிராக ஒரு கார் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டொயோட்டா ஜிஆர் யாரிஸ் ராலி2. 2024 ஜனவரியில் மான்டே கார்லோவில் அறிமுகமானது, அதே வருடம் சாமி பயாரி அதில் டபிள்யூ.ஆர்.சி.2 பட்டம் வென்றார். 2025இல் அதே காரில் சோல்பர்க். ஆனால் விற்பனைக்கு வரும் முன்பே, 2023இல், அதை ஜப்பான் தேசியத் தொடரில் ஓட விட்டு உடைத்துப் பார்த்திருந்தார்கள். சாலைக் காரே ராலியை மனதில் வைத்துச் செய்தது, மூன்று சிலிண்டர் எஞ்சின் உட்பட. மற்றவர்களின் வாடிக்கையாளர்கள் தங்கள் செலவில் கற்றுக்கொண்டதை டொயோட்டா தன் செலவில் கற்றுக்கொண்டு வந்தது.

இந்தக் கார்களை இரண்டாம் தரம் என்று நினைக்காதீர்கள். ராலி2இல் ஓடிக்கொண்டிருந்த சோல்பர்க், ஒரே ஒரு ராலிக்கென்று கிடைத்த ராலி1 (உச்ச வகை) காரில் 2025 எஸ்டோனியா ராலியையே வென்றார். 2027 முதல் வரப்போகும் உச்ச வகைக்கு 3,45,000 யூரோ விலை வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் கார்களும் ராலி2வின் அடிப்படையை ஒட்டியே வருகின்றன.

சரி, உங்களுக்கு. இரண்டு மூன்று வருடம் ஓடிய, தயாரிப்பாளர் இன்னும் பாகம் தருகிற காராகப் பாருங்கள். விற்பவரிடம் பெயின்ட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்; கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் கடைசியாகப் பிரித்துப் பார்த்தபின் எத்தனை ஸ்டேஜ் கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன என்று கேளுங்கள். டேம்பர் அமைப்புக் குறிப்புகளையும் காரோடு சேர்த்துத் தருவாரா என்று கேளுங்கள். தருவார் என்றால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம். புதுக் கார் வாங்காததால் மிச்சமாகும் பணத்தில் இரண்டு முழு நாள் டெஸ்ட் வையுங்கள், ஒன்று கிராவலில், ஒன்று டார்மாக்கில் (தார்ச்சாலையில்). ஒவ்வொரு கிளிக்கையும் எழுதி வையுங்கள்.