பார்க்கிங்கில் நின்ற காரை யாரோ இடித்துக் கதவு நசுங்கிவிட்டது, இன்சூரன்ஸ் ஏஜென்ட் எஃப்ஐஆர் கேட்கிறார், அது இல்லாமல் க்ளைம் கிடைக்குமா?

கிடைக்கும், பாலிசி காம்ப்ரிஹென்சிவ் (உங்கள் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து) என்றால். இடித்தவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. வெறும் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்) என்றால் உங்கள் கதவுக்குப் பைசா வராது.

நசுங்கிய கதவுக்கு ஏஜென்ட் எஃப்ஐஆர் கேட்பது கொஞ்சம் ஓவர். பொதுவாக இதற்குக் கேட்பதில்லை. விடாப்பிடியாகக் கேட்டால் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

கீறல் பம்பர் உயரத்தில் இருந்தால், அதில் வேறு நிறப் பெயின்ட்டும் ஒட்டியிருந்தால், பக்கத்து வண்டி ரிவர்ஸ் எடுத்தபோது பட்டதாக இருக்கலாம். கழுவுவதற்கு முன் போட்டோ எடுங்கள். அப்புறம் சிசிடிவி பதிவை இன்றே கேளுங்கள், பழையது தானாக அழிந்துவிடும்.

ஒன்று மட்டும்: க்ளைம் செய்தால் நோ க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் செய்யாததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். ஐந்து வருடம் க்ளைமே செய்யாதவருக்கு அது ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பிரீமியத்தில் 50 சதவீதம். டிங்கரிங், பெயின்ட் எஸ்டிமேட் அதைவிடக் குறைவென்றால் கைக்காசு போட்டுவிடுங்கள்.