ஏவுகணையைப் பின்பக்கமாக ஏவினால் என்ன?

கேள்வி: ஹவ்காங்கில் இருக்கிறோம். பாய லேபார் தளத்துப் போர் விமானங்களின் சத்தம் எங்களுக்குப் பழக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன், “துரத்தி வருபவனை அடிக்க ஓர் ஏவுகணையைப் பின்பக்கம் பார்த்து மாட்டினால் போதாதா?” என்கிறான். இயற்பியல் செயல்திட்டத்துக்கும் இதையே எடுத்திருக்கிறான். எப்படி விளக்குவது?

பதில்: நல்ல கேள்வி, விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்பக்கம் சுடுவது புதிதல்ல. பி-52 குண்டுவீச்சு விமானங்களின் வாலில் 1991 வரை துப்பாக்கிகள் இருந்தன. அது பலித்ததற்குக் காரணம், குண்டு குழலை விட்டு வரும்போதே நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகம் கொண்டிருக்கும்.

ஏவுகணை அப்படியல்ல, மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 250 மீட்டரில் போகிறது என்று வையுங்கள். பின்பக்கம் பார்த்து ஏவிய ஏவுகணையும் முதலில் அதே வேகத்தில், விமானம் போகும் திசையிலேயே, வால் முன்னே போகப் பறக்கும். ஒரு பூப்பந்தை எடுத்து, இறகுப் பக்கம் முன்னே இருக்கும்படி எறிந்து பாருங்கள். சட்டென்று புரண்டு, தக்கைப் பக்கம் முன்னே வந்துவிடும். வாலில் இறக்கை வைத்த ஏவுகணையும் அப்படித்தான் புரளப் பார்க்கும். புரளாமல் சமாளித்தாலும், எரிபொருளில் ஒரு பங்கு அந்த 250 மீட்டர் வேகத்தைக் கழிக்கவே போய்விடும். நடுவில் வேகம் சுழியமாகும் கணத்தில் இறக்கைகளுக்குக் காற்றுப் பிடிப்பே இருக்காது.

அதனால் இன்று வேறு வழி. ஏஐஎம்-9எக்ஸ் போன்ற ஏவுகணைகளை முன்பக்கமே ஏவுகிறார்கள். மோட்டாரின் வாயில் உள்ள சிறு தகடுகள் புகையோட்டத்தையே திருப்புவதால், ஏவுகணை கூர்மையாக வளைகிறது. விமானி தலையைத் திருப்பிப் பார்த்தாலே போதும், தலைக்கவசக் கருவி இலக்கைக் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் அரைவட்டம் அடிப்பதில் வேகம் நிறையக் கரையும். ஆகவே விமானிகள் முதலில் நம்புவது கடுமையான திருப்பத்தையும், வெப்பத்தைத் தேடும் ஏவுகணையை ஏமாற்றும் தீச்சுடர்களையும்தான்.

சரி, செயல்திட்டத்துக்கு அந்தப் பூப்பந்தே போதும். புளோக்கின் கீழ்த்தளத்தில், காற்றடிக்காத நேரத்தில் எறிந்து, கைப்பேசியில் மெதுவியக்கத்தில் பிடிக்கட்டும். எத்தனை சட்டகத்தில் புரள்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் வேகமாகவும் மெதுவாகவும் எறிந்து ஒப்பிடட்டும்.