கார்ஸ் ரேஸ் கேம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பிக்ஸாரின் கார்ஸ் அனிமேஷன் படங்களை வைத்து வந்த ரேஸ் விளையாட்டுகளைப் பற்றி எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குன்னூரில் கேம் மெஷின் பழுது பார்ப்பதுதான் என் தொழில். இந்த விளையாட்டுகளைச் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வளைவில் வண்டியைச் சறுக்கி எடுக்கும் 'டிரிஃப்ட்' வித்தையை இவ்வளவு எளிதாகக் கற்றுத்தரும் விளையாட்டுகள் குறைவு.

கோத்தகிரி: அண்ணா, பையனுக்கு ஏழு வயது. எந்த கார்ஸ் கேம் வாங்கலாம்?

வீட்டில் என்ன மெஷின் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் அக்கா. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் இவற்றில் ஒன்று இருந்தால் 2017-இல் வந்த 'கார்ஸ் 3: டிரிவன் டு வின்' வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ யூ ஆகியவற்றுக்கும் அது வந்தது. செய்தது அவலாஞ்ச் என்ற நிறுவனம். 2011-இல் 'கார்ஸ் 2' கேமைச் செய்தவர்களும் அவர்களே. டிஸ்னி 2016-இல் அந்த நிறுவனத்தை மூடியது, வார்னர் 2017-இல் வாங்கித் திரும்பத் திறந்தது. இந்த கேம் அதன் பிறகுதான் கடைக்கு வந்தது.

நான்கு பேர் ஒரே டிவியில், திரையை நான்காகப் பிரித்து ஆடலாம். இன்டர்நெட் வேண்டாம். மழைக்காலத்தில் நெட் போய்விடும் நம் ஊருக்கு இது பெரிய வசதி. பழைய டிஸ்க் வாங்கினால் உறையை மட்டும் நம்பாதீர்கள், டிஸ்க்கின் மேல் எந்த மெஷின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அருவங்காடு: லேப்டாப்பில் கார்ஸ் 3 ஆட முடியுமா?

முடியாது. அது கணினிக்கு வரவே இல்லை. 2006-இல் வந்த முதல் கார்ஸ் கேமும், கார்ஸ் 2-ம் கணினிக்கு வந்தன. 'கார்ஸ் 3 பிசி' என்று எங்காவது ஃபைல் கிடைத்தால் தொடாதீர்கள், உள்ளே வைரஸ் இருக்கலாம்.

குன்னூர்: என் மகள் எல்லா ரேஸிலும் வளைவில் சுவரில் போய் முட்டுகிறாள். டிரிஃப்ட் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நான் காத்திருந்த கேள்வி.

முதல் படத்தில் டாக் ஹட்சன் என்ற பழைய ரேஸ் கார், மண் தடத்தில் கதாநாயகன் மெக்குயினுக்குச் சொல்லிக்கொடுப்பது நினைவிருக்கிறதா? இடது பக்க வளைவுக்கு வலது பக்கம் திருப்பச் சொல்வார். கேட்டால் குழப்பமாக இருக்கும், ஆனால் அது உண்மையான வித்தை. இடது வளைவில் வேகமாக நுழையும்போது பின் சக்கரங்கள் பிடியை விட்டு வெளிப்பக்கமாக, அதாவது வலது பக்கம் தள்ளிப் போகும். காரின் மூக்கு தேவைக்கு மேல் இடது பக்கம் பார்க்கும். அப்போதும் இடது பக்கமே திருப்பிப் பிடித்தால் வண்டி முன்பின்னாகச் சுற்றிக்கொள்ளும். முன் சக்கரத்தை வலது பக்கம் திருப்பினால், வண்டி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கமே சக்கரமும் பார்க்கும். ஆக்சிலரேட்டரை விடாமல் இருந்தால் பின்பக்கம் சறுக்கிக்கொண்டே வளைவைத் தாண்டும்.

கேமில் இதைப் பழக எதிரிகள் வேண்டாம். குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும் 'பெஸ்ட் லேப்' வகையை எடுத்து, ஒரே தடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். வளைவுக்குள் போன பிறகு டிரிஃப்ட் பட்டனை அழுத்துவதுதான் பிள்ளைகள் செய்யும் தவறு. வளைவு தொடங்கும் முன்பே அழுத்த வேண்டும். காரின் பின் விளக்குகள் வெளிப்பக்கம் நகரத் தொடங்குவது திரையில் தெரியும். அந்தக் கணத்தில் கன்ட்ரோலரின் குச்சியைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் தளர்த்த வேண்டும். வளைவுக்கு அப்பால் நேர்ச்சாலை கண்ணில் பட்டதும் பட்டனை விட்டுவிட வேண்டும். சறுக்கிய நேரத்தில் கூடுதல் வேகத்தைச் சேர்த்து வைக்கும் டர்போ மீட்டர் ஏறியிருக்கும், அதை அந்த நேர்ச்சாலையில் செலவழிக்கலாம்.

இன்னொன்று. டிவி அமைப்பில் 'கேம் மோட்' போட்டிருக்கிறீர்களா? போடாவிட்டால் டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள், பட்டன் அழுத்தியது திரையில் தாமதமாகத் தெரியும். முட்டுவது அவள் தவறாகவே இல்லாமலும் இருக்கலாம்.

கோத்தகிரி, ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்: தம்பி, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு மலைப்பாதையில் இப்படித்தானே ஓட்டுவார்கள்?

ஐயா, உங்கள் கவலை நியாயம். டாக் ஓட்டியது மண் தடம். மண்ணில் டயர் புதைந்து ஓரத்தில் மண்ணைக் குவிக்கும், அந்தக் குவியல் வண்டியைத் தாங்கும். தார் ரோட்டில் சறுக்கும் டயருக்குப் பிடி குறைந்துவிடும், ரேஸ்காரருக்கே அங்கே நேரம் வீண். கேமில் எல்லாத் தடத்திலும் சறுக்கினால் பரிசு தருகிறார்கள், விளையாட்டு சுவையாக இருக்க வேண்டுமே. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி.

மசினகுடி: ஐயா சொல்வது சரியில்லை. கேம் ஆடினால் கை கண் ஒருங்கிணைப்பு வரும், மலையில் அது உதவும்.

கொண்டை ஊசி வளைவுக்குக் கை வேகம் தேவையில்லை தம்பி. நீங்கள் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளைத் தினமும் பார்ப்பவர், உங்களுக்கே தெரியும். அங்கே ஆபத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருவதுதான். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏற என்ன கியரோ, இறங்கவும் அதே கியர், இன்ஜினே வண்டியைப் பிடிக்க வேண்டும். எந்த கார்ஸ் கேமும் இதைச் சொல்லித்தராது.

கூடலூர்: இறங்கும் வண்டிக்குத்தான் முதலில் வழி என்று எங்கள் பக்கம் சொல்வார்களே?

தவறு. ஏறும் வண்டிக்குத்தான் வழி. சுமையோடு ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்புவது கஷ்டம், அதனால் இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

கோத்தகிரி ஓட்டுநர்: மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒதுங்கவே மாட்டேன் என்கிறார்கள்!

உண்மை ஐயா. குன்னூர் ஏறும் அந்த 14 வளைவுகளிலும் விடுமுறை நாட்களில் அதைத்தான் பார்க்கிறேன். ஹாரன் அடிக்காமல் உள்பக்கம் வெட்டித் திருப்புகிறார்கள். இதற்கு மட்டும் தனியாக ஒரு நாள் பேசலாம், நீங்களும் வந்து பதில் சொல்லுங்கள். மற்றவர்கள் இப்போது கேம் பக்கம் வாருங்கள்.

ஊட்டி: கார்ஸ் 3 பிசிக்கு எவ்வளவு ஜிபி?

பிசிக்கு வரவில்லை. மேலே படியுங்கள்.

கொடைக்கானல்: டிசம்பரில் மதுரையிலிருந்து மெஷினை வண்டியில் கொண்டுவந்தோம். டிஸ்க் படிக்கவில்லை.

எடுத்துவந்த உடனே போட்டீர்களா? இரவெல்லாம் குளிர்ந்த மெஷினைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே லென்ஸ் மேல் ஈரம் படியும். கண்ணாடிக்காரர்கள் பனியிலிருந்து அடுப்படிக்குள் போகும்போது நடப்பதுதான். இரண்டு மூன்று மணி நேரம் அணைத்தபடியே அறையில் வைத்துவிட்டுப் பிறகு போட்டுப் பாருங்கள். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். அப்புறம் ஸ்டெபிலைசர் இல்லாமல் மழைக்காலத்தில் எந்த மெஷினையும் ஓட்டாதீர்கள். என்னிடம் வருவதில் பாதி, மின்சாரம் போய் வந்த இரவில் பவர் சப்ளை கருகியவை.

வெலிங்டன்: மெக்குயின் எண் ஏன் 95?

பிக்ஸாரின் முதல் படமான டாய் ஸ்டோரி வந்த ஆண்டு 1995.

கேத்தி: சண்டை, ஆயுதம் எல்லாம் வருகிறதாமே, அதைத் தவிர்க்கலாமா?

'பேட்டில் ரேஸ்', 'டேக்டவுன்' இரண்டிலும் வருகிறது. சாதாரண ரேஸ், பெஸ்ட் லேப், ஸ்டன்ட் இவற்றை மட்டும் எடுத்து ஆடலாம். கூட உட்கார்ந்து நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்.

ஊட்டி: போனுக்கோ பிசிக்கோ கார்ஸ் 3 லிங்க் அனுப்புங்கள் ப்ளீஸ்.

லிங்க் கிடையாது. யார் அனுப்பினாலும் திறக்காதீர்கள்.

கோத்தகிரி: அங்கிள், நான் ஆறாவது படிக்கிறேன். பின்பக்கமா ஓட்டினா வேகமா போகுமா?

வேகம் அதிகமாகாது தம்பி, ஆனால் மீட்டர் ஏறும். வலது குச்சியைக் கீழே இழுத்தால் கார் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக ஓடும், இடது வலது பக்கம் தள்ளினால் இரண்டு சக்கரத்தில் ஓடும். இரண்டையும் நேர்ச்சாலையில் மட்டும் செய். வளைவு வருவதற்கு முன் நேராகத் திரும்பிவிடு, அங்கே டிரிஃப்ட் போட்டால்தான் லாபம். வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு இரண்டு கன்ட்ரோலரில் ஆடு, தனியாக ஆடுவதைவிடச் சீக்கிரம் கைவரும்.