3 வயதுக் குழந்தைக்கு வாசித்துக் காட்ட அகரவரிசைப் படப் புத்தகம் வாங்க வேண்டும். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் நான் வாங்கி ஏமாந்த கதை. பளபளவென்ற தாள், பக்கத்துக்கு ஒரு எழுத்து, ஒரு படம், ஒரு சொல். ஓணானைக் காட்டினால் என் மகள் 'பல்லி' என்றாள். ஔவையாரைக் காட்டினால் 'பாட்டி'. எஃகு என்று சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு கட்டி, அது 'கல்லு'. அவள் மேல் தப்பே இல்லை, கண்ணில் படுவதைத்தானே பிள்ளை சொல்லும்? இரண்டு நிமிடத்தில் புத்தகம் முடிந்தது. மறுநாள் அவள் அதைத் தொடவில்லை. சுவரில் மாட்டுகிற அட்டவணையைத் துண்டு போட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போதெல்லாம் வாங்குவதற்கு முன் நின்ற இடத்திலேயே இரண்டு பக்கம் வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறேன். பக்கத்தில் யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். 'எ – எலி' என்பதில் வாசிக்க என்ன இருக்கிறது? 'எலி எட்டிப் பார்த்தது, ஏணியில் ஏறியது' என்றிருந்தால் குறிலும் நெடிலும் தானாக நாக்கில் புரளும். உயிரெழுத்து 12-ல் ஐ, ஔ போக மீதி 10-ம் குறில் நெடில் ஜோடிகள்தான். அந்த வித்தியாசம் முதலில் காதில் ஏற வேண்டும். கண்ணுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 'ஏஏஏணி' என்று நீட்டிப் பாருங்கள், இன்னொரு தடவை சொல்லச் சொல்லி உயிரை எடுப்பார்கள்.

மெய்யெழுத்துப் புத்தகம் என்றால் நான் நேராகத் திருப்புவது ழ, ள, ண பக்கங்களை. இவை தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். ற, ன கூட அப்படித்தான். ஒவ்வொரு எழுத்திலும் ஒரு சொல் தொடங்கியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற புத்தகம் இங்கே மாட்டிக்கொள்ளும். மழை, கிளி, வீணை என்று சொல்லுக்குள்ளே வரும் அந்த எழுத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்திருந்தால், செய்தவருக்கு மொழி தெரிந்திருக்கிறது என்று நம்பி வாங்கலாம். (ங-வுக்கு ஔவையாரே அந்த எழுத்தையே சொல்லாக்கி 'ஙப் போல் வளை' என்று சமாளித்திருக்கிறார். பதிப்பகத்தாரைக் கோபித்து என்ன செய்ய?)

எழுத்துருவையும் பாருங்கள். கண், மூக்கு, வால் எல்லாம் வைத்து எழுத்தைப் பொம்மையாக்கி இருந்தால் வேண்டாம். எ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் இருப்பது அடியில் ஒரு சின்னக் கோடு, ஒ-வுக்கும் ஓ-வுக்கும் ஒரு சுழி. அலங்காரத்தில் முதலில் காணாமல் போவது அவைதான்.

தாள் கெட்டியாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

வாசிக்கும்போது அ-வில் தொடங்கி வரிசையாகப் போக வேண்டும் என்றில்லை. அடுத்து வாங்கிய புத்தகத்தில் என் மகள் மூன்று வாரம் ஊஞ்சல் பக்கத்தைத் தாண்டவே விடவில்லை. ஊஞ்சலில் யார் உட்கார்ந்திருப்பது, ஏன் அழுகிறான், யார் தள்ளிவிட்டது என்று தினமும் ஒரு விசாரணை. 'ஊ' எங்கே என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு நாள் காலண்டரில் அதை அவளே கண்டுபிடித்து, 'ஊஞ்சல்!' என்று கத்தினாள்.