இலவச இணையத்தை டிராய் ஏன் தடுத்தது?

"ஃபேஸ்புக் ஏழைகளுக்கு இலவசமாக நெட் கொடுத்ததே, அதை ஏன் தடுத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தடுத்தது, தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய். ஃபேஸ்புக்கின் அந்தத் திட்டமான ஃப்ரீ பேசிக்ஸில் கிடைத்தது முழு இணையம் இல்லை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம்மில், ஃபேஸ்புக்கின் நிபந்தனைகளுக்கு ஒத்துப்போன தளங்கள் மட்டும் காசில்லாமல் திறக்கும். அங்கிருந்து ஒரு வெளி லிங்க்கைத் தொட்டால் டேட்டா கட்டணம் கேட்கும். வீடியோ, இணையவழிப் பேச்சு எதற்கும் இடமில்லை.

இதில் அடிவாங்குவது புதிதாகத் தொழில் தொடங்குபவர்தான். போட்டியாளரின் ஆப் இலவசம், இவருடையதற்கு மட்டும் டேட்டா செலவு என்றால் யார் திறந்து பார்ப்பார்கள்? ஆப் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை.

சில ஆப்களுக்குச் சலுகை காட்ட விட்டால், பிடிக்காத ஆப்களுக்குத் தண்டமும் வரும். 2014 டிசம்பரில், இணையவழிப் பேச்சு ஆப்களான ஸ்கைப், வைபர் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. (அதன் வாய்ஸ் கால் வருமானத்தில் கைவைத்தவை அந்த ஆப்கள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.)

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் விதி கொண்டுவந்தது: உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டா கட்டணத்தில் பாகுபாடு காட்டக்கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 50 லட்சம். பெரிய நிறுவனங்களுக்கு அது சில்லறைக் காசு என்பது என் எண்ணம். ஆனாலும் ஃப்ரீ பேசிக்ஸ் அந்த மாதமே இந்தியாவில் மூட்டை கட்டியது.