32,000 ரூபாய் நாற்காலி கழுத்து வலியைப் போக்குமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துத் தினமும் 9 மணி நேர வேலை. ஆறு மாதமாகக் கழுத்திலும் தோளிலும் வலி. ஒரு கடையில் 'ஆர்த்தோபெடிக்' நாற்காலியை 32,000 ரூபாய்க்குத் தவணையில் தருகிறார்கள். முதுகை நிமிர்த்தும் பெல்ட் இலவசமாம். வாங்கலாமா?

பதிலளிப்பவர்: இயன்முறை மருத்துவர்

வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், குற்றவாளி லேப்டாப். அதில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு எட்ட வைத்தால் தலை குனியும். கண்ணுக்கு நேரே உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. இடுப்பில் இருக்கும் குடம் கனக்காது. அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் பிடரித் தசைகள் 9 மணி நேரமும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இது மாறாது.

சில நூறு ரூபாய்க்குத் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்குங்கள். பழைய பேரேடுகளை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்வரை லேப்டாப்பை உயர்த்துங்கள். சாப்பாட்டு மேஜை தட்டச்சுக்குக் கொஞ்சம் உயரம்தான். நாற்காலியில் மெத்தை போட்டு, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். கால் தொங்கினால் அடியில் மணைப்பலகை. இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். விறைப்பாக நிமிர்ந்தே இருப்பதும் வலிதான் தரும்.

கண்ணாடி பற்றி நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் பலரும் பைஃபோக்கலோ புரோகிரசிவோ அணிகிறார்கள். அப்படியானால் மேலே சொன்ன உயரம் உங்களுக்குப் பொருந்தாது. கிட்டப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் கீழே இருப்பதால், உயரத் திரையைப் படிக்க மோவாயைத் தூக்குவீர்கள். வலி பிடரிக்கு வேறு வழியாக வந்து சேரும். திரையைச் சில அங்குலம் இறக்கி, மேல்பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்து வையுங்கள். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து கண் பரிசோதனைக்குக் கொண்டுபோனால், கணினி வேலைக்கென்றே தனிக் கண்ணாடி செய்துகொள்ளலாம். இதைச் சொல்லாமல் விட்டதால் மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பெல்ட்டைக் கழற்றியதும் தோள் பழையபடி தொங்கும். 'ஆர்த்தோபெடிக்' என்று அட்டையில் அச்சிட எந்த மருத்துவரின் கையெழுத்தும் வேண்டியதில்லை. அடுத்து யாராவது "எதற்கும் ஒரு ஸ்கேன்" என்பார். அனுப்புகிறவருக்குப் பங்கு போகும் இடங்கள் உண்டு. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில்கூடச் சுமார் 30 சதவீதத்தினருக்கு இடுப்புத் தண்டுவட ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது; கழுத்திலும் இப்படித்தான். அறிக்கையைப் படித்துப் பயந்ததுதான் மிச்சமாகும். கை மரத்தால், பிடி தளர்ந்தால், நடை தடுமாறினால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவரின் கழுத்தை யார் கேட்கப் போகிறார்கள்? லேப்டாப் தந்த நிறுவனத்துக்கு விசைப்பலகை தர மனம் வரவில்லை. ரசீதை அவர்களுக்கே அனுப்புங்கள். எந்தச் செலவுக் கணக்கில் எழுதுவது என்பது உங்களுக்குத் தெரியாததா!